கொட்டிவாக்கம் நகரமான கதை: நம் ஊரை இணைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

2025 ஜனவரி தொடக்கத்தில் தமிழக அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 16 மாநகராட்சிகளின் எல்லையை விரிவாக்கி, அவற்றோடு 149 ஊராட்சிகளை இணைப்பது என்பது அதன் சாரம். நகராட்சிகளோடு இணையும் ஊராட்சிகள் தனி. அறிவிப்பு வந்த வாரத்திலேயே பல மாவட்டங்களில் மக்கள் ஆட்சியர் அலுவலகங்களின் முன் திரண்டார்கள். 'நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும்' என்பதே பெரும்பாலோர் சொன்ன காரணம். அப்படித் திரண்டவர்களில் கணிசமானவர்கள் தலித் பெண்கள்.

இன்னொரு பக்கம், 'நகரத்தோடு சேர்ந்தால்தான் ரோடு வரும், தண்ணீர் வரும், சாதிக் கட்டும் தளரும்' என்று நம்மில் படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு உண்மை என்று அறிய வேண்டுமானால், ஏற்கெனவே நகரத்தோடு சேர்ந்துவிட்ட ஓர் ஊரைப் பார்ப்பதுதான் வழி. சென்னைக்குத் தெற்கே, திருவான்மியூரை அடுத்த கொட்டிவாக்கம் அப்படிப்பட்ட ஊர்.

கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே

பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர். அதுவே வாக்கம் என்று திரிந்தது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம் என்று கடற்கரை நெடுக வரிசையாக இந்த ஊர்கள் இருக்கின்றன. கிழக்கே கடல், கரையோரம் மீனவர் குப்பம், நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை, மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கும் அப்பால் பழைய மகாபலிபுரம் சாலை. இதுதான் கொட்டிவாக்கத்தின் கிடப்பு.

அந்தக் கால்வாயிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டப்பட்டது. பசியோடு வந்தவர்களின் கூலி உழைப்பில் முடிந்த கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நிர்வாகத்தில் கொட்டிவாக்கம் நீண்ட காலம் செங்கல்பட்டு மாவட்டத்திலும், பின்னர் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இருந்த கிராம ஊராட்சி. 2001 கணக்கெடுப்பில் சுமார் 14 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011இல் அது 20 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த ஆண்டுதான் சென்னையைச் சுற்றியிருந்த 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் ஆக 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. சுமார் 175 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. கொட்டிவாக்கம் 14ஆவது மண்டலமான பெருங்குடிக்குள் வந்தது. 2018இல் சோழிங்கநல்லூர் வட்டத்தோடு சேர்ந்து சென்னை மாவட்டத்துக்கும் மாறியது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. தலைக்கு மேலே ஊராட்சி மாநகராட்சியானது, காஞ்சிபுரம் சென்னையானது.

மனையிலிருந்து தொடங்கும் வரலாறு

வசதிகளைப் பற்றிப் பேசும்போது ரோடு, விளக்கு, குடிநீர் என்றுதான் பட்டியல் போடுகிறோம். ஆனால் தலித் மக்களுக்கு இந்தப் பட்டியல் மனையிலிருந்து தொடங்குகிறது. தான் குடியிருக்கும் மண் தன்னுடையது என்று சொல்ல முடியாதவர் வீட்டுக்குக் குடிநீர் இணைப்போ வங்கிக் கடனோ எளிதில் வராது.

இந்தச் சிக்கல் முதன்முதலில் அரசு ஆவணத்தில் விரிவாகப் பதிவானது இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். 1891இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மிராசு முறை நிலவிய இந்த மாவட்டத்தில் உழைக்கும் மக்களுக்கு நிலம் இல்லை, குடிசை நின்ற மனையும் மிராசுதாரர்களின் பிடியில் இருந்தது. வேலைக்கு வர மறுத்தால் குடிசையும் போகும் என்பதே நிலை. கூலி, கடன், குடியிருப்பு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. அதை அறுக்க நிலம் கொடுப்பதே வழி என்று அவர் பரிந்துரைத்தார்.

அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010 எண்ணிட்ட வருவாய்த் துறை ஆணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலத்தை ஒப்படை செய்யவும், பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை விதிக்கவும் வழி பிறந்தது. அதுதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது. தமிழகம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒப்படைக்கப்பட்டது என்று தலித் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி கை மாறிவிட்டது. 1979இல் தொடங்கிய நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், நம் மக்கள் யு.டி.ஆர். என்று சொல்லும் அந்த மாற்றத்தில், பழைய பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்புகள் பல ஊர்களில் புதிய பதிவேட்டுக்கு வராமலே போயின.

அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்குச் செங்கல்பட்டு மண் விலையும் கொடுத்திருக்கிறது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது புதிய சலுகை அல்ல, நூறாண்டுக்கு முன் அரசே எழுதிக் கொடுத்தது.

பொதுக்கிணறும் பொதுச்சாலையும்

பொது வசதி என்ற சொல்லுக்கே நாம் போராடித்தான் பொருள் பெற்றோம். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924 ஆகஸ்டில் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதே அது. தீர்மானம் நிறைவேறி, 1924 செப்டம்பர் 25 அன்று அரசாணையாகவும் வெளிவந்தது. அதற்கு நூறாண்டு நிறைந்துவிட்டது.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இந்த ஆணையை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். சாலையில் நடக்கலாம் என்பதற்கும் ஓர் ஆணை தேவைப்பட்ட நாடு இது. இன்று கிணற்றடியில் யாரும் நம்மைத் தடுக்காமல் இருக்கலாம், ஏனென்றால் கிணறே இல்லை. குழாயும் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும்தான் இன்றைய கிணறும் குளமும். அவை யார் தெருவுக்கு முதலில் வருகின்றன, யார் தெருவுக்குக் கடைசியில் வருகின்றன என்பதுதான் இன்றைய கேள்வி.

சாலை ஓரமும் சந்தின் உள்ளும்

கொட்டிவாக்கத்துக்கு நகரம் கொண்டுவந்தவை ஏராளம். கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்டு 2002இல் சுங்கச் சாலையானது. மேற்கே பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப வளாகங்களால் நிறைந்தது. 2004இல் திருவான்மியூர் வரை பறக்கும் ரயில் வந்தது. 2013இல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தென்சென்னைக்காகத் தொடங்கப்பட்டது. மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ ரயில் பாதை எழும்பிக்கொண்டிருக்கிறது. 2025 நிதிநிலை அறிக்கையில் திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை 2,100 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை அறிவிக்கப்பட்டது.

இவற்றை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை ஊரின் ஊடாக வேறெங்கோ போகிறவர்களுக்கானவை என்பதைக் கவனிக்க வேண்டும். உயர்மட்டச் சாலை ஊருக்கு மேலே போகும். ஊருக்குள் இருப்பவருக்கு வேண்டியது சந்துக்குள் வரும் குடிநீர்க் குழாய், மழைக்கு நிற்காத தண்ணீர், ஆரம்ப சுகாதார நிலையம், பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் ஒரு நல்ல அரசுப் பள்ளி.

சாலையோர நிலத்தின் விலை ஏறும்போது பட்டா வைத்திருப்பவர் பயனடைகிறார். திருவான்மியூர் முதல் அக்கரை வரை சாலையை ஆறுவழியாக்க நிலம் எடுத்தபோது இழப்பீடும் பட்டாவைத்தான் முதலில் கேட்டது. பட்டா இல்லாதவருக்கு அதே விலையேற்றம் வாடகையாக வந்து கழுத்தைப் பிடிக்கிறது. ஒரே வளர்ச்சி ஒருவருக்குச் சொத்து, இன்னொருவருக்கு வெளியேற்றம். 130 ஆண்டுகளுக்கு முன் மனை எழுதிக் கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு.

வடிகால் விஷயத்தையும் எடுத்துக்கொள்வோம். கொட்டிவாக்கத்திலிருந்து தெற்கே நீளும் இந்தக் கடற்கரை மணற்பாங்கானது, மழைநீரை உறிஞ்சி நிலத்தடி நீராக வைத்திருக்கும் மண். இங்கே கான்கிரீட் வடிகால் கட்டும் திட்டம் வந்தபோது குடியிருப்போர் சங்கங்கள் எதிர்த்தன, பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போனது. அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. சங்கம் வைத்திருப்பவர்கள், வழக்கறிஞரை அமர்த்தக்கூடியவர்கள் தங்கள் தெருவில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொல்லி அரசைக் கேட்க வைக்க முடிகிறது. அந்த வாய்ப்பு நம் தெருவுக்கும் வேண்டும் என்பதே நம் வாதம்.

இழந்தவை எவை?

இனி மறுபக்கம். ஊராட்சி போகும்போது என்னென்ன போகிறது?

முதலில் போவது பதவி. ஊராட்சியில் ஒரு தலைவரும், மக்கள்தொகைக்கேற்ப 15 பேர் வரை வார்டு உறுப்பினர்களும் உண்டு. அதில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு உண்டு. விரிவான சென்னையின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 66 லட்சம், வார்டுகள் 200. சராசரியாக 33 ஆயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர். தலைவர், உறுப்பினர் என்று ஒரு டஜனுக்கு மேல் பொறுப்புகள் இருந்த ஊருக்கு ஒரே ஒரு கவுன்சிலர், அவரும் பக்கத்துப் பகுதிகளுக்கும் பொது. அந்த ஒருவரும் எப்போதும் இருந்ததில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் அதிகாரிகளின் ஆட்சி.

ஊராட்சிப் பதவி சிறியது என்று எண்ண வேண்டாம். அந்த நாற்காலியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டு காலம் தேர்தலையே நடக்கவிடாமல் செய்தார்கள். அப்படி ரத்தம் சிந்திப் பெற்ற இடம் ஓர் அரசாணையில் கரைந்துபோகிறது என்றால், அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அடுத்தது கிராம சபை. ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கூலி வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்கலாம். நகரத்தில் பகுதி சபை, வார்டு கமிட்டி என்று 2022இல் விதிகள் வந்தன. அவை எத்தனை இடங்களில் உயிரோடு இயங்குகின்றன என்பதை ஒவ்வொருவரும் தம் பகுதியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது நூறு நாள் வேலை. அது ஊரகத்துக்கான சட்டம், ஊர் நகரமானால் அட்டை செல்லாது. நகர்ப்புற வேலைத் திட்டங்கள் சட்டப்பூர்வ உரிமையாக இல்லை. நிலம் இல்லாத, வயது கடந்த பெண்கள்தான் இதில் முதலில் பாதிக்கப்படுகிறார்கள்.

நகரத்தைச் சுத்தம் செய்பவர் யார்?

நகரத்தில் சாதி இல்லை என்று சொல்பவர்கள் காலை ஐந்து மணிக்குத் தெருவைப் பார்க்க வேண்டும். துப்புரவுப் பணியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களில் அருந்ததியர் ஏராளம். கொட்டிவாக்கம் அடங்கிய பெருங்குடி மண்டலத்தில் குப்பை அள்ளும் பணி தனியார் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் அதே ஒப்பந்த முறையை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக அமர்ந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. ஊர் விரிய விரியக் குப்பை கூடுகிறது, அதை அள்ளும் கைக்கு நிரந்தர வேலை குறைகிறது.

பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்பே அடுக்குமாடிகள் வந்துவிடும் புறநகரில் கழிவுநீர்த் தொட்டிகள் பெருகுகின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரை அதற்குள் இறக்கத் தடை விதிக்கிறது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நல்லதுதான். ஆனால் அந்தத் தொகையை வாங்க யாரும் இல்லாத நிலை வருவதே நமக்குத் தேவை.

இன்னொன்றையும் மறக்க முடியாது. கொட்டிவாக்கம் போன்ற புறநகர்கள் நகரமாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நகரத்தின் நடுவே கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த மக்கள் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். நகரத்தைக் கட்டியவர்கள் வெளியே போனார்கள், நகரம் அவர்களைத் தாண்டி வெளியே விரிந்தது. பள்ளி, வேலை, மருத்துவமனை எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன.

அப்படியானால் நகரம் வேண்டாமா?

வேண்டும். கிராமம் தலித்துகளுக்குச் சொர்க்கமாக இருந்ததில்லை. இதை அரசியல் நிர்ணய சபையிலேயே அண்ணல் அம்பேத்கர் எடுத்துச் சொன்னார். இரட்டைக் குவளை, தனிச் சுடுகாடு, தேர் வராத தெரு ஆகியவற்றிலிருந்து தப்பிக்க நகரம் பலருக்கு வழி கொடுத்திருக்கிறது. 2022இல் சென்னையின் மேயர் பதவியில் முதன்முறையாக ஒரு தலித் பெண் அமர முடிந்ததும் நகர உள்ளாட்சியில் இடஒதுக்கீடு இருந்ததால்தான். எனவே இணைப்பை முழுவதுமாக எதிர்ப்பது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது. 'உரிமைகளோடு இணை' என்பதே நம் நிலைப்பாடாக இருக்க வேண்டும்.

இணைப்பு அறிவிக்கப்பட்ட ஒவ்வோர் ஊரிலும் நாம் முன்வைக்க வேண்டியவை இவை:

ஒன்று, இணைப்புக்கு முன்பே காலனியில் உள்ள எல்லா வீடுகளுக்கும் நத்தம் பட்டாவோ ஒப்படைப் பட்டாவோ பெண்கள் பெயரில் வழங்கப்பட வேண்டும். நகர எல்லைக்குள் போன பிறகு நிலத்தின் மதிப்பு ஏறும், பட்டா கேட்பது இன்னும் கடினமாகும்.

இரண்டு, ஊரின் பஞ்சமி நிலங்களையும் மயானத்தையும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலைப் பொதுவில் ஒட்ட வேண்டும்.

மூன்று, நூறு நாள் அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு நகரத்திலும் வேலை உறுதி வேண்டும். ஊராட்சியில் இருந்த துப்புரவுப் பணியாளர்களும் தொட்டி இயக்குபவர்களும் பணி மூப்போடு மாநகராட்சி ஊழியராக வேண்டும்.

நான்கு, குடிநீர், கழிவுநீர், வடிகால் பணிகள் காலனியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் தொடங்க வேண்டும். 2024இல் நிறைவேறிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்கச் சொல்கிறது. தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 2011 கணக்குப்படி 20 சதவீதம். அந்தப் பங்கு நம் தெருவுக்கு வந்ததா என்று கணக்குக் கேட்க வேண்டும்.

பெயர் மட்டும் மாறினால் போதாது

1922இல் எம்.சி. ராஜா சட்டசபையில் முயன்று, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற சொல் வரச் செய்தார். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டையும் வரவேற்கிறோம், சொல்லுக்கு வலிமை உண்டு. ஆனால் சேரி காலனியாகி, காலனி நகராகி, நகர் வார்டு எண்ணாகி நின்றாலும், அந்தத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியில் வருகிறதென்றால் மாறியது பலகை மட்டும்தான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் அ-பதிவேட்டை இணையத்தில் பார்க்கலாம். பழைய பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்தப் புல எண்ணில் நிபந்தனைக் குறிப்பு காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பாட்டியிடம் எந்த நிலம் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக வையுங்கள். இணைப்பு வந்த பிறகு அந்தச் சபை இருக்காது, ஆனால் அதன் தீர்மானப் புத்தகத்தில் எழுதியது ஆவணமாக இருக்கும்.

கொட்டிவாக்கம் நகரமாகி ஓராண்டு ஈராண்டு அல்ல, பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இனி நகரமாகப் போகும் ஊர்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது. வரிவிதிப்பு அறிவிப்பு வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன் பட்டா வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெற வேண்டிய நாள் இன்றுதான்.